ஓரெழுத்துப் பிழையும் அதனைத் துருவிக் காணும் முறையும்

ஏடு பெயர்த்தெழுதுவோர் கைசோர்ந்தவிடத்து ‘அறம்’ என்னுஞ் சொல் ‘அரம்’ என நின்று பொருளைக் கெடுத்தலைத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் யாம் பலகாற் கண்டுளேம். அத்தகைய ஓரெழுத்துப் பிழை மக்கள் உடம்பினும் உண்டென்பதை அறிந்தபொழுது எமக்கு உண்டாய வியப்பே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அறிவியல் கற்ற அன்பர்கள் எம் குறை பொறுப்பாராக.

நம் உடம்பின் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இரட்டை இழை அமைந்துளது. ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துக்களால், தந்தை வழியும் தாய் வழியும் வந்த படி ஒவ்வொன்றினும் ஏறக்குறைய 300 கோடி எழுத்தாக, அஃது எழுதப்பட்டுளது. ஓரிழையில் ஏ நிற்பின் எதிரிழையில் டி நிற்கும். ஜி நிற்பின் சி நிற்கும். இவ்விணை மாறாது.

ஹீமோகுளோபினை ஆக்கும் மரபணுவொன்றில் ஆறாஞ் சொல் ‘ஜிஏஜி’ என்பதாம். அது ‘ஜிடிஜி’ எனத் திரியின், குருதியின் செவ்வணுக்கள் உயிர்வளி குறைந்துழிக் கதிரரிவாள் போல வளைந்து, நுண்குழாய்களை அடைத்துப் பொறுத்தற்கரிய நோவைத் தரும். தாய் தந்தை இருவர் படியும் பிழையாயின் நோய் தோன்றும். ஒன்றே பிழையாயின், அவர் பெரும்பாலும் நலமுடன் வாழ்ந்து, பிழையை மட்டுஞ் சுமப்பர். சுமப்பார் இருவர் மணப்பின், பிறக்கும் மகவு ஒவ்வொன்றும் நோயுறற்கு நான்கில் ஒரு பங்கு இடமுண்டு.

300 கோடி எழுத்தில் ஓரெழுத்தைத் தேடுவது யாங்ஙனம்? முழுதும் படித்தல் வேண்டா. பிழை நேருமிடத்தைச் சூழ்ந்த 19 எழுத்துக்களுக்கு இணையாகச் சிறு துண்டொன்றைச் செய்து, கதிர்வீசும் பாஸ்பரத்தால் அடையாளமிடுவர். இதனைத் துருவி என்னலாம். நோயாளியின் டி.என்.ஏ.வைத் துண்டித்து, இழை பிரித்து, தாளொன்றிற் படியவைத்துத் துருவியை அதன்மேல் விடுவர்; தாளிற் படியவைக்கும் இம்முறை 1975-இல் எட்வின் சதர்ன் என்பார் வெளியிட்டது. 19 எழுத்தும் பொருந்தின் துருவி ஒட்டிக்கொள்ளும். ஓரெழுத்து மாறினும், தக்க வெப்பத்திற் கழுவுங்கால் விலகிவிடும். ஒட்டியவிடம் எக்ஸ்ரே படத்திற் கருங்கோடாய்த் தோன்றும். திருந்திய பாடத்துக்கொன்றும் பிழைபட்ட பாடத்துக்கொன்றுமாக இரு துருவிகள் கொண்டு 1983-இல் இதனைச் செய்து காட்டினர். இரண்டும் ஒட்டின் அவர் சுமப்பவர். பிழைத்துருவி மட்டும் ஒட்டின் நோயர்.

இதற்கு முன்னரே, 1978-இல், சான்பிரான்சிஸ்கோ நகரத்து யூயெட் வாய் கான், ஆந்த்ரே டோசி என்னும் இருவர் வேறொரு நுட்பங் கண்டனர். கருவிலுள்ள குழவியின் குருதியை எடுத்தல் இடர் நிறைந்தது. பனிக்குடநீரில் மிதக்கும் குழவியின் உயிரணுக்களோ ஹீமோகுளோபினை ஆக்குவனவல்ல; ஆயினும் அம்மரபணு அவற்றுள்ளும் வாளா கிடக்கின்றதன்றோ? அதனை அந்நீரணுக்களிலேயே தேடினர். பயன்படாதென்று பிறர் விடுத்த ஏட்டைப் புரட்டிப் பாடங் கண்டாற்போன்ற இச்செயலே எமக்கு யாவற்றினும் இனிதாகப் பட்டது.

ஆயினும், கண்டபின் செய்வது யாது? கருவிற் குழவி நோயுடையதென்று கேட்ட பெற்றோர்க்கு அந்நாளில் மருத்துவர் அளிக்க வல்ல மருந்து இலது. கருவைத் தாங்குவதா, விலக்குவதா என்னும் வினாவே அவர்முன் நின்றது. அதற்கு விடைகூற எம் வயது போதாது; ஆயின் அவ்வினாவை எளிதென்று கருதுவாரோடு யாம் உடன்படேம். பிறந்த மகவிடத்து நோயறிதலோ வேறு. நாடோறும் பெனிசிலின் கொடுப்பின் அத்தகைய மக்களைக் கொடிய தொற்றினின்றுங் காக்கலாமென 1986-இல் ஐயமறத் தெளிந்தது. 2023-இல் மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கே பிரிட்டனும் அமெரிக்காவும் இசைவளித்தன. அதன் விலையோ ஏழையர் எட்டாதது.

அறிவே தீங்காயதும் உண்டு. அமெரிக்க வான்படைக் கல்லூரி, நோயின்றிப் பிழையை மட்டுஞ் சுமந்த இளைஞரையும் 1981 வரை சேர்த்துக்கொண்டிலது.

இஃது அயல்நாட்டார் நோய் மட்டுமன்று. நீலகிரிப் பழங்குடிகளிடையே இப்பிழை உளதென 1952-இலேயே வெளியாயிற்று. 2023-இல் இந்திய அரசு தொடங்கிய திட்டம் பழங்குடியினர் வாழும் பகுதிகளில் 7 கோடி மக்களைச் சோதிக்கக் கருதியது. பிறந்தாரைச் சோதிக்கத் துருவி வேண்டுவதில்லை. விரல்நுனிக் குருதி ஒரு துளியே பெரும்பாலும் போதும். குருதி எடுத்தற்கரிய கருப்பையினுள்ளேதான் மரபணுவைத் தேடும் முறைக்கு வேலை உண்டு.