ஆய்வுக்கூடமும் ஆலயமும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

‘அறிவியல் வளர வளரச் சமயம் தேயும்’ என்று கூறுவோர் பலர். அறிவியல் தழைத்த மேலை நாடுகளை அவர்கள் சான்றாகக் காட்டுவர். ஆனால் அந்நாடுகளில் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் தடை ஏதும் இல்லை. விரும்பியவர் ஆலயம் செல்லலாம், விரும்பியவாறு வழிபடலாம். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் பெரும்பாலும் உண்டு. அந்நம்பிக்கை வீட்டோடும் ஆலயத்தோடும் நின்றுவிட வேண்டும். கல்வி, ஆட்சி, வாணிகம், ஆராய்ச்சி ஆகிய பொது இடங்களில் அது தலைகாட்டலாகாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத நிபந்தனை இது.

இத்தகைய நாகரிகத்தின் நடுவே ஒரு கிறிஸ்தவர் எவ்வாறு வாழ்வது? நிபந்தனைக்குப் பணிந்து ஒதுங்கிக்கொள்வதா? அல்லது அறிவியலையே பகைத்துக்கொள்வதா? இவ்விரண்டுமன்றி வேறொரு வழி உண்டு எனக் காட்டியவர் பேராயர் லெஸ்லி நியூபிகின். அவர்தம் கருத்தை என்னால் இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுத எனக்கொரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் பெற்றோர் ஏட்டுக்கல்வி பெறாதவர்கள். ஜெபம் ஒன்றே அவர்கள் அறிந்த பாடம். ‘வேதியியல் படிக்கும் நீ இன்னுமா ஜெபம் செய்கிறாய்?’ என்று விடுதி நண்பர்கள் கேட்கும்போது, அக்கேள்வி என்னோடு நிற்பதில்லை. என்னைப் படிக்க அனுப்பியவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் என்றும் அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. ஆகவே இதற்கு விடை தேடுவது என் கடமையாயிற்று.

தமிழ் கற்ற பேராயர்

1909இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்த நியூபிகின், கேம்பிரிட்ஜில் பயின்று, 1936இல் சமயப் பணியாளராகத் தமிழ்நாட்டிற்கு வந்தார், தமிழ் கற்றார், காஞ்சிபுரத்தில் பணியாற்றினார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, தமது 37ஆம் வயதில் மதுரை-இராமநாதபுரம் பேராயரானார். பின்னர் 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக விளங்கினார்.

காஞ்சியில் வாரந்தோறும் ஒரு மாலை இராமகிருஷ்ண மடத்துத் துறவியரோடு தரையில் அமர்ந்து, உபநிடதங்களையும் நற்செய்தி நூல்களையும் அவர் படித்து வந்தார். அம்மடத்து மண்டபத்தில் சமயப் பெரியோர்களின் படங்களோடு இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளன்று அதற்கு வழிபாடும் நடைபெறும். இயேசுவுக்கு மதிப்பளித்தாலும், தங்களிடம் முன்பே இருந்த தத்துவ அமைப்பிற்குள் பொருத்தியே அவரை மதிக்கிறார்கள் என்று நியூபிகின் எண்ணினார். மேலை நாட்டுக் கிறிஸ்தவர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள் என்பது நெடுநாள் கழித்தே அவருக்குப் புலப்பட்டது! ‘பகுத்தறிவுக்கு ஒத்தது’ என்று தங்கள் நாகரிகம் வகுத்த எல்லைக்குள் அடங்கும் அளவிற்கு அவர்கள் இயேசுவைச் சுருக்கிவிட்டிருந்தனர். தமிழ்நாட்டில் வாழ்ந்ததால், தம் சொந்த நாட்டை வெளியிலிருந்து காணும் கண் அவருக்குக் கிடைத்தது எனலாம்.

1974இல் மனைவியாரோடு பேருந்துகளில் தரைவழியாகவே இங்கிலாந்து திரும்பினார். அங்கே அவர் கண்டது என்ன? சென்னைச் சேரிகளிலும் ‘நாளை நிலைமை மாறும்’ என்ற நம்பிக்கையைக் கண்டவர் அவர். செல்வம் மிகுந்த இங்கிலாந்திலோ அந்நம்பிக்கை மறைந்திருந்தது. அதற்குக் காரணம் தேடி அவர் எழுதிய சிறுநூல், 1983இல் வெளிவந்த ‘தி அதர் சைடு ஆஃப் 1984’ என்பதாகும்.

இரண்டு அறைகள்

மேலை நாகரிகம் மனித அறிவை இரண்டு அறைகளாகத் தடுத்துவிட்டது என்பது நியூபிகினின் முதன்மையான கருத்து. ஒன்று, மெய்ம்மைகளின் அறை. அறிவியல் அங்கே இருக்கிறது; அது கூறுவதை யாவரும் ஏற்றாக வேண்டும். மற்றது, விழுமியங்களின் அறை. சமயமும் அறமும் அங்கே இருக்கின்றன. அவை அவரவர் விருப்பம். முதல் அறையில் ‘எப்படி?’ என்று கேட்கலாம், ‘எதற்காக?’ என்று கேட்கலாகாது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். என் தந்தையாரின் கலப்பையை நம் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தால், கொழுவின் இரும்பில் கார்பன் எத்தனை விழுக்காடு என்று கூறிவிடலாம். மரத்தின் அடர்த்தியையும் அளந்துவிடலாம். ஆனால் எத்தனை சோதனை செய்தாலும் அது உழுவதற்கான கருவி என்பது சோதனைக் குழாயில் தெரியாது. அதை உழுதவர்தாம் சொல்ல வேண்டும். அவ்வாறே உலகிற்கு ஒரு நோக்கம் உண்டென்றால், அந்நோக்கத்திற்கு உரியவர் வெளிப்படுத்தினாலன்றி அதனை அறிய முடியாது என்கிறார் நியூபிகின். கிறிஸ்தவர்கள் அவ்வெளிப்பாட்டை இயேசுவின் வாழ்விலும் மரணத்திலும் உயிர்ப்பிலும் காண்கிறார்கள்.

அறிவியலிலும் நம்பிக்கை

‘அறிவியலுக்குச் சான்று உண்டு, சமயத்திற்கு நம்பிக்கை மட்டுந்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை காண நியூபிகின் ஒரு வேதியியல் அறிஞரைத் துணைக்கு அழைக்கிறார். அவர் மைக்கேல் பொலானி. ஹங்கேரியில் பிறந்த இவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு மான்செஸ்டர் சென்றவர். பின்னர்த் தத்துவத்துறைக்குத் திரும்பி, 1958இல் ‘பர்சனல் நாலெட்ஜ்’ என்னும் நூலை வெளியிட்டார். அறிபவரின் ஈடுபாடும் நம்பிக்கையும் இன்றி எவ்வறிவும் பிறப்பதில்லை என்பது அதன் சாரம்.

நாம் தரம்பார்த்தல் சோதனையைக் கற்றது எப்படி? எந்த இளஞ்சிவப்பில் பியூரெட்டை நிறுத்துவது என்பதை எந்தப் புத்தகமும் முழுமையாகச் சொல்லவில்லை. ஆசிரியரின் கையைப் பார்த்தோம், அவரை நம்பினோம், பலமுறை செய்தோம், பிறகு கண் பழகியது. முதலில் நம்பியதால் அன்றோ பின்னர் அறிந்தோம்! இயற்கை ஒழுங்குடையது என்பதும் எல்லா ஆய்விற்கும் முன்னரே நாம் ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கையே.

ஒரு தடை

‘அப்படியானால் எவரும் எதையும் நம்பலாமே?’ என்ற தடை எழலாம். அது நியாயமான தடை. பொலானியும் நியூபிகினும் அதற்கு இடந்தரவில்லை. உண்மையென்று ஒன்றை ஏற்பவர், அது யாவர்க்கும் உண்மை என்று ஏற்கிறார். ஆகவே அதனைப் பொதுவில் வைத்துப் பிறருடைய கேள்விகளுக்கு ஆட்படுத்தும் கடமை அவருக்கு உண்டு.

சமயம் பொது வாழ்வில் நுழைந்தால் கலகம் விளையும் என்னும் அச்சமும் வீணானதன்று. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில், சமயப் பிளவும் அரசியலும் கலந்து ஐரோப்பாவைக் குருதியில் ஆழ்த்தின. அந்நினைவு இருந்ததால்தான் ஐரோப்பியர் சமயத்தைத் தனியறைக்கு அனுப்பினர். நியூபிகின் இதனை மறைக்கவில்லை. திருச்சபை மீண்டும் அரசின் வாளைப் பிடிப்பதை அவர் வேண்டவுமில்லை. வற்புறுத்தலை விடுத்து, வாழ்ந்து காட்டும் ஒரு சிறு சபையே நற்செய்திக்குச் சிறந்த விளக்கம் என்றார். எழுபது வயதை ஒட்டி, பர்மிங்ஹாம் நகரில் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஓர் ஏழைச் சபையின் போதகராகி அதனைச் செய்தும் காட்டினார். 1998இல் மறைந்தார்.

நண்பர்களே! நியூபிகினின் முடிவுகளை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். அவரிடமிருந்து நான் பெற்றது இதுதான்: ஆய்வுக்கூடத்தில் அளவையைத் திருத்தி எழுதாத நேர்மையும், விடுதியில் ஜெபத்தை மறைக்காத நேர்மையும் வேறு வேறல்ல. இனி நண்பர்கள் அதே கேள்வியைக் கேட்டால் நான் ஒதுங்கப் போவதில்லை. அவர்களை அருகே அமர்த்தி, அவர்கள் நம்புவது யாது, எதனால் என்று கேட்பேன். என்னையும் அவ்வாறே கேட்கச் சொல்வேன். கல்லூரி என்பது அத்தகைய உரையாடலுக்கு உரிய இடமன்றோ?