முதியோர் சிகிச்சையில் அறிதுயில்: வலியைத் தணிக்கும் சொற்கள்

முதுமையில் நோய் மாத்திரமன்றி, நோயைக் கண்டறிவதற்கும் தீர்ப்பதற்குமான முறைகளும் பெரும் அச்சத்தைத் தருகின்றன. அடைபட்ட இரத்தக்குழாயினுள் மெல்லிய குழாயைச் செலுத்துதல், இரைப்பையினுள் கருவியை இறக்கிப் பார்த்தல், நீரிழிவினால் ஆறாத புண்ணைத் துப்புரவாக்கிக் கட்டுதல் போன்றவை பெரும்பாலும் நோயாளர் விழித்திருக்கும்போதே செய்யப்படுகின்றன. குளிர்ந்த அறையில், அறியாத முகங்களின் நடுவே, அடுத்து என்ன நிகழுமென்று தெரியாது படுத்திருக்கும் முதியவருக்கு அச்சமே வலியை இரட்டிப்பாக்கிவிடுகிறது.

மருந்தைக் கூட்டிக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். முதியவர்களைப் பொறுத்தவரை அது அத்தனை எளிதன்று. வயது முதிர ஈரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. மிடாசோலம் போன்ற அமைதியூட்டும் மருந்துகளும் ஓபியம் சார்ந்த வலி நிவாரணிகளும் இளையவருக்கு ஏற்ற அளவிலேயே முதியவரின் சுவாசத்தைத் தளரச் செய்யலாம்; குருதியமுக்கத்தை வீழ்த்தலாம்; மனக்குழப்பத்தை ஏற்படுத்தலாம். வைத்தியசாலையில் இருந்து திரும்பிய தந்தை இரவில் பிள்ளைகளை அடையாளங்காணாது தடுமாறியதைக் கண்ட குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. மருந்தின் அளவைக் குறைக்க உதவும் எந்த வழியும் இவர்களுக்குப் பெறுமதியானதே. அத்தகைய வழிகளில் ஒன்றுதான் அறிதுயில் எனப்படும் ஹிப்னோசிஸ்.

அறிதுயில் என்றதும் பலரது நினைவுக்கு வருவது மேடை வித்தைக்காரரின் மனோவசியமே. மருத்துவத்தில் பயன்படுவது அதுவன்று. அது உறக்கமும் அன்று, மந்திரமும் அன்று. கவனத்தை ஓரிடத்திற் குவித்து, சுற்றியுள்ளவற்றில் இருந்து மனத்தை விலக்கும் ஒரு நிலையே அது. நோயாளர் பேசுவதைக் கேட்பார், கேள்விக்குப் பதிலளிப்பார், விரும்பினால் எக்கணமும் நிறுத்திக்கொள்வார். மனக்கண்ணிற் காணும் காட்சியையும் அவரே தெரிவு செய்கிறார். ஒருவருக்கு அது வயல் வரம்பாகவும் மற்றொருவருக்குக் கடற்கரையாகவும் இருக்கலாம். எந்தச் சக்தியையும் அழைப்பதோ, எவருடைய விருப்பத்தையும் பறிப்பதோ இதில் இல்லை.

இதன் வரலாறு நமது பிராந்தியத்துடனும் தொடர்புடையது. மயக்கமருந்து பரவலாக அறியப்படாதிருந்த 1845 ஆம் ஆண்டில், வங்காளத்தின் ஹூக்ளியில் பணியாற்றிய ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சையாளர் ஜேம்ஸ் எஸ்டேல், அக்காலத்தில் மெஸ்மரிசம் எனப்பட்ட முறையைப் பயன்படுத்திச் சத்திரசிகிச்சைகளை மேற்கொண்டார். 1846 இல் பொஸ்டன் நகரில் ஈதரின் ஆற்றல் நிரூபிக்கப்பட்டதும் இம்முறை பின்தள்ளப்பட்டது. எனினும் 1955 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கமும் 1958 இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் அறிதுயிலுக்கு மருத்துவத்தில் இடமுண்டென ஏற்றுக்கொண்டன.

சோதனைச் சான்றுகளில் முதன்மையானது, கதிரியக்கவியல் வைத்தியரான எல்விரா லாங் குழுவினர் 2000 ஆம் ஆண்டில் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு. இரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் குழாய் செலுத்தும் சிகிச்சைக்கு வந்த 241 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு வழமையான பராமரிப்பு. இரண்டாவது குழுவினருக்கு அருகிலிருந்து கவனிக்கும் ஒருவரின் துணை. மூன்றாவது குழுவினருக்கு அத்துணையுடன் அறிதுயில் வழிகாட்டலும் வழங்கப்பட்டன. கேட்டால் மருந்து அனைவருக்கும் கிடைத்தது. நேரம் செல்லச் செல்ல முதலிரு குழுக்களிலும் வலி ஏறிக்கொண்டே சென்றது. அறிதுயில் குழுவில் அது ஏறவில்லை. வழமைக் குழுவினர் பயன்படுத்திய மருந்தின் அளவில் பாதிக்கும் குறைவே மற்றைய இரு குழுக்களுக்கும் போதுமாயிற்று. சிகிச்சை நேரம் சராசரி 78 நிமிடங்களில் இருந்து 61 நிமிடங்களாகக் குறைந்தது. குருதியமுக்கம், இதயத்துடிப்பு ஆகியவற்றில் ஆபத்தான தளம்பல் வழமைக் குழுவில் 12 பேருக்கும், துணை மாத்திரம் பெற்ற குழுவில் 10 பேருக்கும், அறிதுயில் குழுவில் ஒருவருக்கு மாத்திரமும் ஏற்பட்டது. தளர்ந்த இதயமுடைய முதியவர்களுக்கு இந்த இறுதிக் கணக்கே முக்கியமானது.

வயோதிபரின் மனம் இதற்கு இசையுமா என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்துள்ளது. மேற்படி ஆய்வில் பங்குபற்றிய 18 முதல் 92 வயது வரையானவர்களின் தரவுகள் வயதுவாரியாக மீண்டும் ஆராயப்பட்டு 2007 இல் வெளிவந்தன. அறிதுயிலுக்கு இசையும் தன்மை வயதுடன் மாறவில்லை என்பதும், முதுமை இதற்குத் தடையன்று என்பதும் அதன் முடிவுகள். ஜெனீவாவில் சராசரியாக 80 வயதைக் கடந்த 53 உள்ளக நோயாளரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், உடல் தடவல் சிகிச்சையைவிட அறிதுயில் நாட்பட்ட வலியைக் கூடுதலாகக் குறைத்தது. ஆனால் வீடு திரும்பிய பின்னர் அப்பயன் நீடிக்கவில்லை.

எல்லைகளையும் மறைத்தலாகாது. மார்பகச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் குறுகிய நேர அறிதுயில் வழங்கிய பிரெஞ்சு ஆய்வொன்று (2018) பின்வலி குறையவில்லை என்றே கண்டது. அறிதுயில் மருந்துக்கு மாற்றீடு அன்று, துணை மாத்திரமே. கடுமையான மறதிநோய் உடையோரும் மனப்பிறழ்வு உடையோரும் இதற்குப் பொருத்தமற்றவர்கள். பயிற்சி பெற்ற வைத்தியர், தாதியர், உளவியலாளர் ஆகியோரே இதைச் செய்ய வேண்டும். பத்திரிகை விளம்பரங்களில் எல்லா நோயையும் தீர்ப்பதாகக் கூறும் மனோவசியக்காரர்களிடம் செல்வது ஆபத்தானது.

இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே சனத்தொகையில் 12.4 வீதத்தினர் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமாக இருந்தனர். இங்கு அறிதுயிலின் பயனை நாடுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டியது மொழிப் பிரச்சினையை. இச்சிகிச்சையின் கருவி சொல். தமிழ் மாத்திரமே அறிந்த ஒரு மூதாட்டிக்கு, அவருக்குப் புரியாத மொழியில் கூறப்படும் ஆறுதல் வெறும் ஓசையே. தமிழ், முஸ்லிம் முதியவர்கள் தமது மொழியிற் பேச எவருமற்ற வாட்டுகளிற் படுத்திருக்கும் நிலையில், தமிழ் பேசும் தாதியரை நியமிப்பது நிருவாக விடயம் மாத்திரமன்று. அது வலி நிவாரணமுமாகும்.

அறிதுயில் பயிற்சி பரவலாகும்வரை செய்யக்கூடியனவும் உண்டு. "இப்போது குத்தும், எரியும்" என்று எச்சரிப்பது வலியையும் பதற்றத்தையும் கூட்டுகிறது என லாங் குழுவினரின் 2005 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே செய்யப்போவதை உள்ளபடி கூறி, வலியையே நினைவூட்டும் சொற்களைத் தவிர்ப்பது நலம். செவிப்புலக் கருவியைச் சிகிச்சை முடியும்வரை கழற்றாதிருக்க முடியுமா என உறவினர் கேட்கலாம். மெதுவாக மூச்செடுக்க முதியவரை முன்கூட்டியே பழக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. தேவைப்படுவது, மேசையிற் கிடப்பவர் அனைத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைவு மாத்திரமே.