மினர்வா ஹாய்ட் (1866–1945)

மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டங்களுக்கிடையே பிறந்த மினர்வா ஹாமில்டன் ஹாய்ட், மணமான பின் கலிபோர்னியாவின் தெற்குப் பாசடேனாவுக்குக் குடிவந்தார். அங்கே தோட்டம் போடுவதில் தேர்ந்தார். ஊர்ச் சங்கங்களிலும் அறப்பணிகளிலும் முன்னின்றார். கைக்குழந்தையைப் பறிகொடுத்து, 1918இல் கணவரையும் இழந்தபின், தெற்குக் கலிபோர்னியாவின் பாலைவனமே அவருக்கு ஆறுதல் ஆயிற்று. விண்மீன்களின் கீழே வெட்டவெளியில் படுத்துறங்கிய இரவுகள் பல.

1920களில் கார்கள் பெருகின; பாலைக்கு வந்துபோவது எளிதாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டுத் தோட்டங்களுக்காகக் கள்ளிகள் வேரோடு தோண்டிச் செல்லப்பட்டன. யுக்கா இனத்தைச் சேர்ந்த யோசுவா மரங்களை இரவில் வழி காட்டும் பந்தங்களாகக் கொளுத்தியவர்களும் உண்டு. வளர நெடுங்காலம் எடுக்கும் மரம் அது. எரித்தழிக்க ஓர் இரவு போதும்.

பாலை என்றால் வெறும் பொட்டல் என்ற எண்ணத்தை மாற்றுவதுதான் முதல் வேலை என்று ஹாய்ட் சரியாகவே கணித்தார். நியூயார்க், பாஸ்டன், லண்டன் நகரங்களில் பாலைச் செடிகளின் கண்காட்சிகளை நடத்தினார். 1930இல் பன்னாட்டுப் பாலைவனப் பாதுகாப்புக் கழகத்தைத் தொடங்கினார். அறிஞர்களைக் கொண்டு அறிக்கைகளும், தேர்ந்த படங்கள் அடங்கிய தொகுப்புகளும் தயாரித்து, பாலையைக் காக்கக் கோரி வாஷிங்டனிலுள்ள அரசுக்கு அனுப்பினார்.

1936 ஆகஸ்ட் 10 அன்று, அந்தப் பாலையில் சுமார் 8,25,000 ஏக்கர் நிலத்தை, ‘யோசுவா மரத் தேசிய நினைவுச்சின்னம்’ என்ற பாதுகாக்கப்பட்ட பகுதியாக அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்தார். சுரங்கத் தொழிலுக்காக 1950இல் அதன் பரப்பு பெரிதும் குறைக்கப்பட்டது. 1994இல் அது தேசியப் பூங்காவாயிற்று. பூங்காவிலுள்ள மலையொன்று இன்று ஹாய்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.