தொலைந்த தாலிச் சங்கிலியைக் கருவி காட்டுமா?
தென்னந்தோப்பிலும் சிற்றாற்று மணலிலும் ஒரு சோதனை

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியில் பஸ் ஏற இடம் கிடைக்காது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஊர் ஊராகக் குடும்பங்கள் வருகின்றன. ஆசை தீரக் குளிக்கின்றன. போகும்போது சிலர் எதையாவது தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். துண்டு போனால் கவலை இல்லை. மோதிரம் போனால்? தாலிச் சங்கிலியே போய்விட்டால்?

நகை கழன்றுபோவதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும். இறுக்கமாக இருந்த மோதிரம் தளர்ந்துவிடும். கையில் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் கேட்கவே வேண்டாம். மெல்லிய சங்கிலியின் கொக்கி, அருவி அடிக்கிற அடியைத் தாங்காது. நகைத் தங்கம் தண்ணீரைப்போல் 17 மடங்குக்கு மேல் கனமானது. விழுந்ததும் கூழாங்கல்லுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

இதைத் தேடுவதற்கு என்றே ஒரு கருவி விற்கிறார்கள். 'மெட்டல் டிடெக்டர்' என்பது அதன் பெயர். ஒரு நீண்ட கம்பு. அதன் அடியில் வட்டமான தட்டு. மேலே சிறிய பெட்டி. விலை பல ஆயிரம் ரூபாய். விளம்பரத்தைப் படித்தால், பூமிக்குள் இருக்கும் தங்கமெல்லாம் நம் வீட்டுக்கு நடந்து வந்துவிடும்போல் இருக்கிறது! உண்மை என்ன?

கட்டிலுக்குள் இருந்த கம்பி

தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறி மாறி ஓடும் மின்சாரம், மண்ணுக்குள் காந்த சக்தியைப் பாய்ச்சுகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் மின்சாரம் சுழலும். அந்தச் சுழற்சி திருப்பி ஒரு காந்த சக்தியை அனுப்பும். மலையைப் பார்த்துக் கூவினால் எதிரொலி வருகிறது அல்லவா? அதுபோலத்தான். எதிரொலி வந்ததும் பெட்டி 'கீங்' என்று கத்தும்.

டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், இப்படி ஒரு கருவியை 1881-லேயே செய்தார். அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டை அந்த ஆண்டு ஜூலை 2-ந்தேதி ஒருவன் சுட்டுவிட்டான். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. பெல் தன் கருவியைப் பழைய போர்வீரர்களிடம் சோதித்தார். அவர்கள் உடம்பில் தங்கியிருந்த குண்டுகளை அது காட்டியது. ஆனால் ஜனாதிபதியிடம் கொண்டுபோனபோது, ஓர் இடத்தில் ஒலிக்க வேண்டிய கருவி, அகலமான பரப்பு முழுவதும் முனகியது. பிறகுதான் காரணம் புரிந்தது. மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள்கம்பிகள் இருந்தன! போதாததற்கு, வலப்பக்கம் மட்டுமே தேடலாம் என்று தலைமை டாக்டர் சொல்லியிருந்தார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டம்பர் 19-ந்தேதி ஜனாதிபதி காலமானார்.

ஆகவே, கடையில் கத்துகிற கருவி ஆற்றிலும் கத்தும் என்று நம்பிவிடக்கூடாது. எந்தப் பொருளைத் தேடப் போகிறோமோ அதை வைத்து, தேடப் போகும் இடத்திலேயே பார்க்க வேண்டும்.

"கயித்த முடிஞ்சாச்சா?"

தென்காசி நண்பர் ஒருவரிடம் இந்தக் கருவி இருக்கிறது. அவருடைய தென்னந்தோப்பில் முதல் சோதனை. 10 குழிகள் தோண்டினோம். 5 குழிகளில் பொருள். மற்ற ஐந்தும் வெறுங்குழி. எல்லாவற்றையும் ஒன்றுபோல் மூடினோம். புதைப்பவர் ஒருவர், தேடுபவர் வேறொருவர். இடம் தெரிந்துவிட்டால் காது இல்லாத சத்தத்தையும் கேட்கும்.

புதைப்பதற்கு முன்பே கருவி கூச்சல் போட்டது! தோண்டிப் பார்த்தால் ஆணி, கம்பித் துண்டு, எந்தக் காலத்து மாட்டு லாடமோ ஒன்று. அவற்றை எல்லாம் பொறுக்கி எடுத்த பிறகும் முனகல் நிற்கவில்லை. செம்மண்ணில் இரும்புச் சத்து உண்டு. மண்ணுக்கு ஏற்றபடி குமிழைத் திருப்பிச் சரிசெய்த பிறகுதான் அடங்கியது.

மஞ்சள் நிற 5 ரூபாய்க் காசை 8 அங்குல ஆழத்தில் தெளிவாகக் காட்டியது. 1 ரூபாய்க் காசை 'இரும்பு' என்றது. அதைக் குறை சொல்ல முடியாது. இப்போதைய 1 ரூபாய்க் காசு எஃகுதானே! கெட்டியான தங்க மோதிரம் 6 அங்குலத்தில் கிடைத்தது.

அடுத்தது சங்கிலி. நண்பரின் மனைவி தம் ஒன்றரைப் பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடுதான். சங்கிலியில் நைலான் கயிறு கட்ட வேண்டும். கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருக்கும். "தம்பி, கயித்த நல்லா முடிஞ்சாச்சா?" என்று மூன்று தடவை கேட்டார்.

6 அங்குலத்தில் சத்தம் இல்லை. 4 அங்குலத்தில் இல்லை. 2 அங்குலத்தில், கொக்கி இருந்த இடத்தில் மட்டும் லேசாக ஒரு 'டிக்'. மோதிரத்தைவிட இதில் தங்கம் அதிகம். அப்படியும் ஏன் கருவிக்குக் கேட்கவில்லை? மோதிரம் ஒரே வளையம். மின்சாரம் அதில் தடையில்லாமல் சுழலும். சங்கிலியோ நூற்றுக்கணக்கான குட்டி வளையங்கள். ஒன்றோடொன்று சரியாகத் தொடுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே முணுமுணுக்கிறது. முணுமுணுப்பு மண்ணைத் தாண்டி வருவதில்லை. சங்கிலியில் தாலி கோத்திருந்தால் அது கெட்டித் தங்கம். அதைக் கருவி 4 அங்குலம் வரை கண்டுகொண்டது. அதுதான் ஒரே ஆறுதல்.

ஆற்றில் 31 சத்தம்

மறுநாள் சிற்றாறு. குற்றாலத்திலிருந்து இறங்கி வரும் ஆறு. கணுக்கால் அளவுதான் தண்ணீர். நல்ல தண்ணீர் கருவியைத் தடுப்பதில்லை. தட்டு நனையலாம். பெட்டி நனைந்தால் காசு போச்சு! சங்கிலியை ஆற்றுக்குக் கொடுக்க அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. நியாயம்தானே? அதே கனத்தில் ஒரு கவரிங் சங்கிலியையும், மோதிரத்தையும் எங்களுக்குத் தெரியாமல் 4 அங்குல ஆழத்தில் புதைக்கச் சொன்னோம்.

ஒன்றரை மணி நேரம் தேடினோம். 31 இடங்களில் கருவி கத்தியது. 17 சோடா மூடி, 6 மாத்திரைத் தகடு, 3 கொண்டை ஊசி, 4 காசு. 22-வது சத்தம் மோதிரம். (கோலி சோடா குடித்தால் இந்தத் தொல்லை இல்லை!) மாத்திரைத் தகட்டுக்கும் மோதிரத்துக்கும் ஒரே மாதிரி சத்தம். "இது குப்பை" என்று தகட்டுச் சத்தங்களை ஒதுக்கியிருந்தால் மோதிரத்தையும் ஒதுக்கியிருப்போம்.

சங்கிலி? கருவி அதன் மேலேயே இரண்டு முறை போயும் வாய் திறக்கவில்லை. புதைத்த இடத்தைக் கேட்டுக்கொண்டு, கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையைப் பிடித்தோம். 10 நிமிஷத்தில் கிடைத்தது. ஆகவே மோதிரம், வளையல் போனால் கருவி உதவும். மெல்லிய சங்கிலி போனால், விழுந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு சலிப்பதுதான் வழி. அதற்காகப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் விழும் அருவிக்குள் நின்று நகையைத் தேடாதீர்கள். 2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிர் இழந்தான். மலை மேல் மழை பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. நகை போனால் போகட்டும்.

தினமும் காலையில்

நமக்குக் கருவி பொய் சொன்னால் நஷ்டம் ஒரு நகை. இலங்கையின் வடபகுதியில் நஷ்டம் ஒரு கால். அல்லது உயிர். 2009-ல் போர் முடிந்த பிறகு முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடிகளை அகற்றினார்கள். இந்த வேலையில் தமிழ்ப் பெண்கள் ஏராளமானோர் இறங்கினார்கள். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. சில வெடிகளில் உலோகம் துளிதான் இருக்கும். அதனால் காலையில் வேலை தொடங்குமுன், தெரிந்த ஒரு சிறு உலோகத் துண்டைக் கருவி காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது இந்தத் தொழிலில் கட்டாயம்.

சோதிக்காமல் வாங்கியவர்கள் கதையும் உண்டு. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற ஆங்கிலேயர், வெடிகுண்டு காட்டும் கருவி என்று சொல்லி ஈராக் நாட்டுக்கு ஆயிரக்கணக்கில் விற்றார். கைப்பிடியில் ஆடும் ஒரு கம்பி. உள்ளே வேலை செய்யும் பொருள் ஒன்றுமில்லை! சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை அனுப்பினார்கள். 2013-ல் அவருக்கு 10 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது. நம் ஊரில் 'தங்கம் காட்டும் கம்பி' என்று எவராவது கொண்டுவந்தால், வெறுங்குழி ஐந்து தோண்டிவிட்டு அழையுங்கள்.

தென்காசி, 1446-ல் பராக்கிரம பாண்டியர் கோவில் எழுப்பத் தொடங்கிய ஊர். "ராஜா காலத்துப் புதையல் கிடைக்காதா?" என்று கருவியோடு கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. பாதுகாக்கப்பட்ட பழைய கோவில்கள், சின்னங்கள் உள்ள இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். வேறு இடத்தில் கிடைத்தாலும், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் பெறுமானம் உள்ள புதையலைப் பற்றிக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓர் ஆண்டு வரை ஜெயில் உண்டு. இன்னொருவர் தொலைத்த நகை புதையலே ஆகாது. அது அவருக்குத்தான் சொந்தம்.

சிற்றாற்றில் எங்களுக்குக் கிடைத்தவை ஒரு 5 ரூபாய், ஒரு 2 ரூபாய், இரண்டு 1 ரூபாய்க் காசுகள். மொத்தம் 9 ரூபாய். கலெக்டருக்கு எழுத வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.