பட்டறையில் சயனைடு... பதறி உள்ளே ஓடாதீங்க!

சயனைடு என்றதும் உங்களுக்கு சினிமா வில்லன்தான் ஞாபகத்துக்கு வருவான். ஆனால், நீங்கள் போட்டிருக்கிற முலாம் பூசிய வளையல் முங்கி எழுந்த தொட்டியிலும் அது இருந்திருக்கலாம்! நகைப் பட்டறை, எலெக்ட்ரோபிளேட்டிங் கம்பெனி என்று பல இடங்களில் பொட்டாசியம் சயனைடு, சோடியம் சயனைடு உப்புகள் புழங்குகின்றன. வீட்டை ஒட்டியே பட்டறை வைத்திருப்பவர்கள் நம்மூரில் உண்டு. அதனால் இது இல்லத்தரசிகளுக்கும் தெரிய வேண்டிய சங்கதி.

இந்த உப்பு ஆசிட்டோடு சேர்ந்தால் போச்சு, ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பிவிடும். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் இன்றைக்கே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கசப்பு பாதாம் வாசனை அடிக்கும் என்பார்கள். அதை நம்பாதீர்கள், பலருக்குப் பிறவியிலேயே அந்த வாசனை தெரியாது.

ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். ஆனால், செல்கள் அதை எடுத்துக்கொள்ள விடாமல் சயனைடு பூட்டுப் போட்டுவிடும். தலைவலி, தலைசுற்றல், மூச்சிரைப்பு என்று ஆரம்பித்து வலிப்பு, மயக்கம் வரை போகும். அளவு அதிகமானால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

தொட்டியருகே ஒருவர் சுருண்டு விழுந்தால், 'ஐயோ' என்று உள்ளே ஓடத்தான் தோன்றும். வேண்டாம்! கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு போனாலும் நீங்களும் விழுவீர்கள். சுவாசக் கருவி உள்ளவர்கள்தான் போகவேண்டும். 108-க்கும் தீயணைப்புத் துறைக்கும் உடனே போன் செய்யுங்கள். 'சயனைடு' என்ற வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் மாற்று மருந்தைத் தயாராக வைக்க அது உதவும்.

வெளியே கொண்டுவந்தபின் காற்றோட்டமான இடத்தில் படுக்கவையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு நனைந்த உடைகளைக் கழற்றி பாலிதீன் பையில் கட்டிவிட்டு, தோலையும் கண்ணையும் நிறைய தண்ணீரால் கழுவுங்கள். மூச்சு நின்றிருந்தால் மார்பை அழுத்தலாம். வாயோடு வாய் வைத்து ஊதவே கூடாது. விஷம் உங்களுக்கும் ஏறும். ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால், பழகியவர் மாஸ்க் வைத்துக் கொடுக்கட்டும்.

விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வயிற்றிலும் அமிலம் இருக்கிறதே, அங்கேயும் வாயு உருவாகும். தானாக வாந்தி எடுத்தால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

மாற்று மருந்துகளில் ஹைட்ராக்சோகோபாலமின் சுவாரசியமானது. பி12 குடும்பத்தைச் சேர்ந்த இது, சயனைடைப் பிடித்துப் பி12 வைட்டமினாகவே மாற்றி சிறுநீரில் வெளியேற்றிவிடும். உடனே பி12 மாத்திரை வாங்கக் கிளம்பாதீர்கள்! பெரியவர்களுக்கு இதை 5 கிராம் ரத்தக்குழாயில் ஏற்றவேண்டும். மாத்திரையில் இருப்பது மைக்ரோகிராம் கணக்குதான். சோடியம் தயோசல்பேட் ஊசியும் உண்டு. எதைப் போடுவது என்பதை டாக்டர் முடிவு செய்வார். டப்பா லேபிளை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள்.