கரடி செதுக்கும் கைகள்: செரோக்கி மரச்சிற்பமும் மரபு பற்றிய கேள்வியும்

உல்லாசப் பயணிகளுக்கு விற்பதற்காகச் செதுக்கப்படும் மரக்கரடி ஒரு மக்களின் மரபாகுமா, அல்லது வெறும் சந்தைப் பண்டமா? மரபையும் சந்தையையும் எதிரெதிராக நிறுத்தி வாதிடுவது நமக்குப் பழகிப்போனது. செரோக்கி மரச்சிற்பி அமாண்டா குரோவின் (1928-2004) வாழ்வு இக்கேள்வியை மீண்டும் யோசிக்க வைக்கிறது.

செரோக்கி மக்களில் பெரும்பாலோரை அமெரிக்க அரசு 1838-39 இல் அவர்களது மண்ணிலிருந்து மேற்கே துரத்தியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வட கரோலினா மலைகளில் எஞ்சியோரின் வழிவந்தவர்களே கிழக்குச் செரோக்கிகள். மரத்தில் முகமூடிகளும், கல்லில் விலங்குருவப் புகைக்குழாய்களும் செய்வது அவர்களிடம் முன்பே இருந்த கலை. மேசையில் வைக்கும் தனி விலங்குருவங்களோ பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக்குரியவை. அருகே கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா 1934 இல் உருவானபின் பயணிகள் பெருகினர். 1946 இல் கைவினைஞர்கள் தமக்கென ‘குவாலா’ கூட்டுறவு அமைப்பை நிறுவினர்.

ஆயினும் கரடி சந்தை தந்த உருவமல்ல. ஒரு குலத்தவர் மனித வாழ்வைத் துறந்து காடேகிக் கரடிகளானார்கள் என்பது செரோக்கியரின் பழங்கதை. அவ்வகையில் கரடி அவர்களுக்கு உறவு.

குரோ சிக்காகோ கலைக்கழகத்தில் கற்றவர்; மெக்சிக்கோவில் சிற்பி ஹோசே டி கிரீஃப்டிடம் பயின்றவர். 1953 இல் ஊர் திரும்பி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செரோக்கி உயர்பள்ளியில் செதுக்கல் கற்பித்தார். அவரிடம் பயின்றோர் 2000 பேருக்கு மேல். அவர்களிற் சிலர் பெயர்பெற்ற சிற்பிகளாயினர். அவரது கரடிகள் நுணுக்கங்களைக் குறைத்து, வால்நட், காட்டுச்செர்ரி போன்ற மரங்களின் ரேகையே உடலின் வளைவைச் சொல்லும்படி வழவழப்பாக்கப்பட்டவை. நவீன சிற்பத்தின் எளிமையும் பழங்கதையின் விலங்கும் அங்கே ஒன்றாயின.

ஒரே உருவைத் திரும்பத் திரும்பச் செய்வது கலையாகுமா என்று கேட்கலாம். தொழிற்சாலையில் நாள் முழுதும் ஒரே உருப்படியோடு நிற்கும் என் போன்றோருக்கு ஒன்று தெரியும்: மீளச் செய்வதால் மட்டும் வேலை உயிரிழப்பதில்லை, எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற முடிவு கையைவிட்டுப் போகும்போதே உயிரிழக்கிறது. குரோவின் கையில் அம்முடிவு இருந்தது. அதை அவர் மாணவர்களுக்கும் கொடுத்தார்.

தூய்மைவாதிகள் ஒரு பொருள் எவ்வளவு பழையது என்றே கேட்கின்றனர். அதைக் கற்பிக்க யார் திரும்பி வந்தார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். செரோக்கியரின் மரக்கரடி அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்.