பூட்டிய பெட்டியும் திறக்கும் கைகளும்

ஜலகண்டாபுரம் நெசவாளர் ஊர். சேலம் மாவட்டத்தின் இந்தப் பேரூரில் தறி நின்றுவிட்டால், அதைத் திறக்கலாமா என்று உரிமையாளர் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஸ்பேனரை எடுக்கிறார், கழற்றுகிறார், பார்க்கிறார், மாட்டுகிறார். முடியாவிட்டால் தெரிந்தவரை அழைக்கிறார். அதே இல்லத்துச் சிறுவன் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் மட்டும், காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பாழாக்குகிறானே என்று கடிந்துகொள்கிறோம். தகப்பனார் செய்வது தொழில், மகன் செய்வது குறும்பு என்று நாம் பிரித்து வைத்திருக்கும் இந்தக் கணக்கு சரிதானா என்று சற்று ஆராய்வோம்.

முதலில் தறியைப் பார்ப்போம். சேலையில் பூவும் கொடியும் விழுவதற்குத் தறியின் மேல் ஏற்றப்படும் ஜக்கார்டுப் பெட்டியை நம்மவர் அனைவரும் அறிவர். துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டு ஒவ்வொன்றாக அதில் வந்து பொருந்துகின்றன. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி தடையின்றி நுழைகிறது; அதற்குரிய கொக்கி மேலெழுந்து பாவு நூலைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடுகிறது. கொக்கி விலகிப் பாவு கீழேயே நின்றுவிடுகிறது. ஊடை ஒரு முறை ஓடுவதற்கு ஓர் அட்டை. துளை உண்டு அல்லது இல்லை: இவ்விரு சொற்களைத் தவிர வேறு மொழி அத்தறிக்குத் தெரியாது.

பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை அமைத்தார். அவர் அதனை வெறுங்கையிலிருந்து படைத்துவிடவில்லை. வோகான்சன் என்பவர் 1740களில் செய்து கைவிடப்பட்ட ஒரு தறி, பாரிஸ் நகரக் காட்சிக்கூடத்தில் கிடந்தது. ஜக்கார்டு அதனை ஆராய்ந்து, தமக்கு முன் வேறு சிலர் கையாண்ட துளை அட்டையையும் அதனோடு இணைத்தார். பிறர் செய்ததைப் பிரித்துப் பார்த்த கைகளிலிருந்துதான் அந்தப் பட்டுப் பூக்கள் மலர்ந்தன. பின்னர் ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு இதே அட்டைகளைத் தேர்ந்தெடுத்தார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எண்ணி முடித்ததும் துளை அட்டைகளே. கணிப்பொறியின் வம்ச வரலாற்றில் தறிக்கும் ஓர் உறவு உண்டு என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டிய செய்தி.

வீடியோ கேம் கார்ட்ரிட்ஜும் ஒருவகை அட்டை மாலையே. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் புகழ்பெற்ற விளையாட்டு 40 கிலோபைட் அளவே உடையது. அதாவது 3,27,680 'உண்டு, இல்லை'கள். 400 கொக்கி ஜக்கார்டுக்குரிய அட்டையில் அவற்றைத் துளையிட்டால் ஏறத்தாழ 820 அட்டைகளில் முழு விளையாட்டும் அடங்கிவிடும்! மீசைக்கார மாரியோவும் அவன் தாவும் குழாய்களும் மேகங்களும் இசையும் எல்லாம் அதற்குள்ளேதான்.

'ஹேக்கர்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் வங்கிப் பணத்தைத் திருடுபவன் என்றே நாம் எண்ணுகிறோம். அச்சொல்லின் பிறப்பு அப்படியன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பொம்மை ரயில் சங்கம் ஒன்று இருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கம்பிகளை இணைத்து விந்தைகள் செய்த மாணவர்கள், 1950களின் இறுதியில் தங்கள் சாமர்த்திய வேலைகளுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அது. அவ்வட்டத்து இளைஞர்கள்தாம் 1962இல் 'ஸ்பேஸ்வார்' என்னும் விண்வெளிப் போர் விளையாட்டை ஒரு பெரிய கணிப்பொறியில் உருவாக்கினர். அதற்காக அவர்கள் எவரிடமும் பணம் கேட்கவில்லை.

நம் நாட்டுக்கு 1990களில் வீடியோ விளையாட்டு பெரும்பாலும் நகல் உருவில்தான் வந்தது. நின்டெண்டோவின் 'ஃபேமிகாம்' பெட்டியை அனுமதியின்றிப் பார்த்துச் செய்த மலிவான பெட்டிகள் பல பெயர்களில் கடைகளில் குவிந்தன. 9999 விளையாட்டுகள் என்று மேலே அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே சிலதான் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கார்ட்ரிட்ஜின் வாயில் ஊதுவது ஊருலக வழக்கமாக இருந்தது. உண்மையில் ஊதியதால் பயனில்லை. எடுத்து மீண்டும் செருகியதால்தான் தொடர்பு சரியாயிற்று. மூச்சின் ஈரமோ உலோகத்தை அரித்தது.

இனிப் பூட்டுக்கு வருவோம். 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நின்டெண்டோ பெட்டிக்குள் ஒரு காவல் சிப் இருந்தது. கார்ட்ரிட்ஜிலும் அதற்கு இணையான சிப் ஒன்று. இரண்டும் ஒரே இரகசியத்தைப் பேசிக்கொள்ளாவிட்டால் பெட்டி விநாடிக்கொரு முறை அணைந்து எரியும். நகலைத் தடுப்பதே நோக்கம் என்றார்கள். ஆயினும், யார் விளையாட்டு வெளியிடலாம் என்ற அதிகாரமும் அதனால் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. நாளடைவில் இணைப்புத் தகடுகள் தளர்ந்தபோது, முறையாக வாங்கிய கார்ட்ரிட்ஜையும் அக்காவலன் மறுத்தான். பெட்டிக்குள்ளிருக்கும் அந்தச் சிப்பின் நான்காம் காலை மட்டும் வெட்டிவிட்டால் தொல்லை தீரும் என்று பொழுதுபோக்காளர்கள் கண்டுபிடித்தனர். தம் பெட்டி, தம் கத்தரி. இதில் யாருக்கு நட்டம்?

ஆனால் அதே பூட்டை வேறு வழியில் திறந்தவர்களும் உண்டு. அட்டாரி கேம்ஸ் நிறுவனம், வழக்கு ஒன்றுக்குத் தேவை என்று உண்மையல்லாததைச் சொல்லி, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து அந்தச் சிப்பின் நிரலைப் பெற்றது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரித்து ஆராய்வது தன்னளவில் குற்றமன்று என்று கூறியது. எனினும் பொய் சொல்லிப் பெற்ற பிரதியைக் கொண்டு அந்த உரிமையைக் கோர முடியாது என்றது. அதே ஆண்டில் வேறொரு நீதிமன்றத்தில் சேகா நிறுவனம் தொடுத்த வழக்கு. எதிர்வழக்காடிய அக்கோலேட் நிறுவனம், சேகாவின் பெட்டியையும் கார்ட்ரிட்ஜுகளையும் கடையில் காசு கொடுத்து வாங்கி, பிரித்து ஆராய்ந்து, அப்பெட்டியில் ஓடக்கூடிய தன் சொந்த விளையாட்டுகளைச் செய்திருந்தது. அது நியாயமான பயன்பாடே எனத் தீர்ப்பாயிற்று. செயல் ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவர் நேர்வழியில் வந்தார், மற்றவர் பொய்ச்சாவியோடு வந்தார்.

பிற்காலத்துக் கதை இன்னும் சிக்கலானது. சோனி நிறுவனம் 2006இல் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 3 பெட்டியில் லினக்ஸ் என்னும் இயங்கு மென்பொருளையும் நிறுவிக்கொள்ள இடமளித்திருந்தது. அமெரிக்க விமானப்படையே 1,700க்கு மேற்பட்ட பெட்டிகளை இணைத்துப் பெருங்கணிப்பொறி ஒன்றை அமைத்தது. 2010 ஏப்ரலில் சோனி அவ்வசதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விற்ற வீட்டின் ஓர் அறையைப் பிறகு வந்து பூட்டிவிட்டுப் போவதற்கு ஒப்பான செயல் அது என்பதே என் கருத்து. அவ்வாண்டு டிசம்பரில் ஒரு குழுவினர் பூட்டின் பலவீனத்தை மேடையேறி விளக்கினர்: ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டிய எண்ணை நிறுவனம் மாற்றாமலேயே வைத்திருந்ததால், இரண்டு கையொப்பங்களைக் கொண்டு சமன்பாடு போட்டு இரகசியச் சாவியைக் கண்டுவிட முடிந்தது. லினக்ஸை மீட்பதே தங்கள் நோக்கம் என்றனர் அவர்கள். ஆயினும் திருட்டு விளையாட்டு ஓட்டுவோரும் அதே வழியில் நுழைந்தனர். 2011 ஏப்ரலில் நடந்ததோ முற்றிலும் வேறு. சோனியின் இணைய விளையாட்டுச் சேவைக்குள் யாரோ புகுந்து, சுமார் 7 கோடியே 70 இலட்சம் கணக்குகளின் விவரங்களை ஆபத்துக்குள்ளாக்கினர். சேவை மூன்று வாரங்களுக்கு மேல் முடங்கிற்று. அது தன் பெட்டியைத் திறப்பதன்று. அடுத்தவன் வீட்டுக் கதவை உடைப்பது.

நம் நாட்டுச் சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற கணிப்பொறி நிரல் எவ்வாறு இயங்குகிறதென்று கவனித்து, ஆய்ந்து, சோதிக்க இடம் தருகிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அது புதிய சொல்லன்று. பிறர் கணிப்பொறிக்குள் அனுமதியின்றி நுழைவதற்கோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

ஆகவே பெற்றோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'ஏன் திறந்தாய்?' என்பதன்று; 'யாருடையதைத் திறந்தாய்?' என்பதே. அடுத்த கேள்வி உயிரைப் பற்றியது. பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சியைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கக்கூடும். நேர் மின்சாரத்தில் ஓடும் பவர் சப்ளைக்குள்ளும் 300 வோல்ட்டுக்கு மேல் சேமிப்பு நிற்கும். உப்பிய லித்தியம் பேட்டரியைக் கத்தியால் நெம்பினால் தீப்பற்றும். ஈயப் பற்றவைப்பு செய்தால் சன்னலைத் திறந்து வைத்து, முடித்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

தொடங்குவதற்கு ஏற்றது, பொத்தான் அழுந்தாமல் போன பழைய விளையாட்டுக் கைப்பிடி. கம்பியைப் பெட்டியிலிருந்து உருவிவிட்டால் அதில் மின்சாரமே இராது. நான்கைந்து திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே ரப்பர் தகடு ஒன்று. அதன் அடியில் கறுத்த வட்டங்கள் பச்சைப் பலகையின் கோடுகளைத் தொடும்போது ஓர் 'உண்டு', விலகும்போது ஓர் 'இல்லை'. பலகையின் அழுக்கைச் சிறிது ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, உலரவைத்து, மீண்டும் பூட்டினால் பெரும்பாலும் வேலை செய்யும். தறிக்கூடத்தில் கிடக்கும் சிறிய திருப்புளியே இதற்குப் போதும்.